புழுவெட்டும் போலிப் புழுவெட்டும்

தலையில் ஒரு காசளவு இடத்தில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று தெரிந்தால், அந்த நோய்க்குப் பெயர் தேடி நம் நாட்டில் எவரும் அலைவதில்லை. “புழுவெட்டு” என்று பக்கத்து வீட்டுப் பாட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். பெயரோடு மருந்தும் வந்துவிடும். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்க வேண்டும். அல்லது ஆற்றுத்தும்மட்டிக் காயைப் பிளந்து தடவ வேண்டும். ஓரிரு மாதங்களில் பல தலைகளில் மென்மயிர் அரும்பிவிடும். பாட்டியின் கைராசியை ஊர் மெச்சும். அவள் சொன்ன மருந்தில் சாரமே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. வெங்காயச் சாற்றை இந்நோயாளிகள் சிலரின் தலையில் தடவிப் பார்த்த பாக்தாது வைத்தியர் இருவர், வெறுந்தண்ணீர் தடவியவர்களைவிட இவர்களுக்கு முடி மிகுதியாக முளைத்தது என்று 2002-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். ஆனால், சிறு அளவில் வரும் உண்மையான புழுவெட்டு ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் தானே தணிந்து முடி வளர்வதுண்டு. தானாக வந்த முடிக்குத் தடவிய மருந்து பேர் வாங்கிக்கொள்கிறது.

இதனால் கேடொன்றும் இல்லை என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த ஒரே பெயருக்குள் மற்றொரு நோயும் ஒளிந்திருக்கிறது என்பதும், அந்நோயில் கழிகின்ற ஒவ்வொரு மாதமும் திரும்பி வாராத முடியைக் கொண்டுபோகிறது என்பதும் எனக்குத் தெரிந்தது அண்மையில்தான். தெரிந்த விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் இருப்புப்பாதையில், கொல்லங்கோட்டை அடுத்து, ஆலமரங்கள் நிழல் செய்யும் சிறு நிலையம் ஒன்று உண்டு. முதலமடை என்பது அதன் பெயர். மாம்பழத்தால் பேர்பெற்ற ஊர். பிற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கையிலேயே முதலமடைக் காய்கள் வடநாட்டுச் சந்தைகளுக்கு லாரி ஏறிவிடும். கேரள மாநிலத்தில் இருப்பினும், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறம் அது. அங்கே என் அத்தை இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகளாகத் தோப்புகளில் காய் பொறுக்குவதும் தரம் பிரிப்பதும் கூடை சுமப்பதுமாக வெயிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

அவருடைய உச்சந்தலையில் முடி உதிர்ந்தது. ஒரு வைத்தியரிடம் காட்டினார். அவர் ஒரு சீட்டில் இரண்டே ஆங்கிலச் சொற்களை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டு, தோல் நோய் நிபுணரிடம் போகும்படி பணித்திருந்தார். அச்சீட்டைப் பேத்தி கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் விதிகளையும் தமிழாக்குவதில் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. “சிகாட்ரீஷியல் அலொபீசியா” என்று சீட்டில் இருந்தது. பின்சொல்லை அகராதியில் பார்த்தேன். முன்சொல்லை ஏதோ ஓர் அடைமொழி என்று தள்ளிவிட்டேன். “புழுவெட்டுத்தான் அத்தை, பயப்படாதீங்க” என்று தொலைபேசியில் சொன்னேன். படித்த பிள்ளை சொன்ன சொல் அத்தைக்குப் போதுமாயிற்று. நிபுணரிடம் அவர் போகவில்லை. பதினொரு மாதம் வெங்காயம் தேய்த்தார். காசளவாக இருந்தது உள்ளங்கையளவு ஆயிற்று.

நான் தள்ளிவிட்ட அந்த முன்சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. “அலொபீசியா” என்பது நரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சொறி பிடித்த நரிக்கு உரோமம் கொட்டுவதைக் கண்டு வைத்த பெயர். முடி உதிர்வு எதுவாயினும் அதற்கு அப்பெயர் பொருந்தும். முன்சொல்லோ இலத்தீன் மொழியில் தழும்பைக் குறிப்பது. தழும்பு உண்டாக்கும் முடியுதிர்வு என்பதே சீட்டின் பொருள். தழும்பு வழுக்கை என்று இதனை நாம் வழங்கலாம்.

என்னைப் போல் மயங்கியவர் முன்னரும் இருந்திருக்கின்றனர் என்பது ஒருவகையில் ஆறுதல். பிரெஞ்சு மொழியில் புழுவெட்டுக்குப் பேலாட் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துத் தோல் வைத்தியர் லூயி புரோக் என்பார், பேலாட் போலவே தோன்றி, ஆயினும் முடி என்றும் திரும்பாத ஒரு நோயைப் பிரித்துக் காட்டிப் போலிப் பேலாட் என்று பெயரிட்டார். நம் வழக்கில் சொன்னால் போலிப் புழுவெட்டு. பனியில் பதிந்த காலடிகளைப் போல அங்கங்கே சிறு சிறு வெற்றிடங்கள் தோன்றும் என்று மேனாட்டு நூல்கள் அதனை வருணிக்கும். பனியைக் காணாத நாம், நடவு முடிந்த வயலில் மாடு மிதித்துப்போன தடங்களை எண்ணிக்கொள்ளலாம். இன்று அப்பெயரைப் பலர் தனி நோயாகக் கொள்வதில்லை. பல நோய்களின் இறுதி நிலை என்பர். எனினும் பெயர் வைத்தவரின் கருத்து இன்றும் பயனுடையது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது மெய்யா போலியா என்பதே.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தோலுக்குள்ளே, சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மயிர்க்கால் என்பது தோலில் இறங்கியிருக்கும் ஒரு நுண்ணிய குழாய். அதன் அடியில் குமிழ் ஒன்று இருக்கிறது. முடி அங்கே உருவாகி மேலெழுகிறது. குழாயின் நடுப்பகுதியில், மயிரைச் சிலிர்க்கச் செய்யும் தசை வந்து பொருந்தும் இடத்தில், சிறு புடைப்பு ஒன்று உண்டு. புதிய முடியைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்கள் குடியிருப்பது இப்புடைப்பில்தான் என்பதை 1990-ஆம் ஆண்டில் காட்சரெலிஸ், சன், லாவ்கர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலியின் தோலைக் கொண்டு காட்டினர். அதுவரை அடிக்குமிழே எல்லாவற்றுக்கும் பிறப்பிடம் என்று கருதி வந்தனர்.

கோரைப் புல்லை உழவர் நன்கு அறிவர். மேலே அறுத்தால் மறுபடி முளைக்கும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை எடுத்துவிட்டால் முளைக்காது. மெய்யான புழுவெட்டில், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மதிகெட்டு அடிக்குமிழைத் தாக்குகின்றன. முடி உதிர்கிறது, ஆனால் நடுப்புடைப்பு பிழைத்திருப்பதால் தாக்குதல் ஓய்ந்ததும் முடி மீளும். தழும்பு வழுக்கையில் தாக்குதல் நடுப்புடைப்பின் மேலேயே விழுகிறது. மூல உயிரணுக்கள் அழிகின்றன. மயிர்க்கால் இருந்த இடத்தை நார்த்தசை அடைத்துக்கொள்கிறது. வெட்டுக்காயம் ஆறிய இடத்தில் முடி முளைப்பதில்லை அல்லவா? மேலே காயம் ஒன்றும் தெரியாமலே உள்ளே நடைபெறுவதும் அதுவே.

இவ்வளவும் உள்ளே நடப்பதாயினும், வெளியிலிருந்து கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. முடி போன இடத்தை நல்ல வெளிச்சத்தில் உற்று நோக்குங்கள். முடி முளைக்கும் நுண்துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. துளைகளே இன்றிக் கண்ணாடி போல் வழவழப்பாகவோ, நிறம் வெளுத்தும் கருத்தும் சற்றே குழிந்துமோ இருந்தால் ஐயப்பட வேண்டும். உதிர்ந்த இடத்தின் விளிம்பில் அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி, முடியின் அடியைச் சுற்றி வெண்ணிறச் செதில், செம்மை இவை இருப்பின் ஐயம் வலுப்படும். நம்மவர் மாநிறத் தோலில் செம்மை செம்மையாகவே தெரியும் என்பதில்லை. ஊதாவாகவோ வெறுங்கருப்பாகவோ தோன்றலாம். மெய்யான புழுவெட்டிலோ பெரும்பாலும் வலியும் இல்லை, செதிலும் இல்லை. தோல் வைத்தியர் விளக்குப் பொருத்திய சிறு பூதக்கண்ணாடி ஒன்றைத் தலைமேல் வைத்துப் பார்ப்பதும் இந்தத் துளைகளையும் விளிம்பையும் காண்பதற்கே.

அத்தையை ஒரு வழியாக நிபுணரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன். வைத்தியர் மலையாளத்தில் கேட்டார். அத்தைக்கு அது நன்றாகவே விளங்கும். ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அத்தைக்குத் தமிழ்தான் வரும். தலையைப் பார்த்த பின்னர், வைத்தியர் அவருடைய காதுக்குள் பார்த்தது எனக்கு வியப்பாக இருந்தது. காது மடலின் குழிந்த பகுதியில் கரும்புள்ளிகளாக அடைபட்ட சிறு துளைகள் இருந்தன. தலையில் ஒட்டியிருந்த செதில் ஒன்றைப் பெயர்த்துக் காட்டினார். அதன் அடிப்புறத்தில் முட்களைப் போன்ற சிறு நீட்சிகள் இருந்தன. மயிர்த்துளைகளை அடைத்திருந்த செதிலின் வார்ப்பு அது. மூட்டு வலி உண்டா, வாயில் புண் வருமா, வெயிலில் போனால் முகம் எரியுமா, அடிக்கடி காய்ச்சல் வருமா என்று வரிசையாகக் கேட்டார். வெயிலைப் பற்றிய கேள்விக்கு அத்தை சிரித்துவிட்டார். “வெயிலில்லாம என்ன பொழப்பு, டாக்டரே?”

பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, முடி போனாப் போகட்டும். இது தொத்தா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு.” வீட்டில் அவருடைய சீப்பைத் தனியே வைத்திருந்தார்கள் என்பதும், பேத்திக்குத் தலை பின்னுவதை அவரே நிறுத்திவிட்டார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புழுவெட்டு என்றால் தலையில் புழு இருக்கிறது என்று பொருளாகிறது. புழு ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்குப் போகாதா? இது தொற்றாது என்று வைத்தியர் திட்டமாகச் சொன்னார். மெய்யான புழுவெட்டும் தொற்றுவதன்று. அதிலும் புழு ஒன்றும் இல்லை.

வைத்தியர் ஐயுற்ற நோய்க்குத் தட்டு வடிவ லூபஸ் என்று பெயர். லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். நரியில் தொடங்கி ஓநாயில் வந்து நிற்கும் பெயர்கள் இவை. வைத்தியர்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் என்ன உறவோ! உடலின் காவற்படை தன் தோலையே பகையாகக் கொள்வதால் வரும் நோய் இது. சூரிய ஒளி இதனைத் தூண்டிவிடும். நம் நாட்டு மருத்துவமனைகளில் தழும்பு வழுக்கை என்று கண்டறியப்படுவோரில் பெரும்பகுதியினர்க்கு இந்நோயோ, அடுத்துச் சொல்லவிருக்கும் லைக்கன் பிளானோபைலாரிஸ் என்னும் நோயோ காரணமாக இருக்கிறது.

ஐயம் ஐயமாகவே இருக்கக் கூடாது. தோலைச் சிறிது எடுத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் பலர் பின்வாங்குகின்றனர். தலையில் கத்தி வைப்பதா என்று அஞ்சுகின்றனர். உண்மையில் நடப்பது எளியது. மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டு, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கருவியால் தோலைக் கொழுப்பு மட்டம் வரை துளைத்து எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு தையல்களுடன் அன்றே வீடு திரும்பலாம். கூடுமானால் இரண்டு துண்டுகள் எடுப்பது நல்லது. ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் சீவிப் பார்ப்பார்கள். குறுக்கே சீவினால் ஒரே பார்வையில் பல மயிர்க்கால்களை எண்ணிவிடலாம்; நெடுக்கே சீவினால் ஒரு மயிர்க்காலின் மேலும் கீழும் தெரியும். லூபஸ் என்று ஐயம் இருந்தால், படிந்திருக்கும் எதிர்ப்புப் பொருள்களைக் காண ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பதும் உண்டு.

எங்கிருந்து எடுப்பது என்பது அனைத்திலும் முக்கியம். முற்றிலும் வழுக்கையான நடுவிலிருந்து எடுத்தால் அங்கே தழும்பைத் தவிர ஒன்றும் இராது. தீ அணைந்து சாம்பலாகிவிட்ட இடத்தில் தீயிட்டவனைத் தேடுவது போலாகும். நோய் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் விளிம்பிலிருந்து, முடி இன்னும் நிற்கின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே, “முடி போன இடத்தை விட்டு முடி இருக்கும் இடத்தில் ஏன் துளைக்கிறார்கள்?” என்று கேட்பவர்க்கு விடை இதுவே. காலம் கடந்து வருவோர்க்குச் சில சமயம் எரிகின்ற விளிம்பே மிஞ்சியிராது. அப்போது எந்த நோய் வந்து போயிற்று என்று நுண்ணோக்கியாலும் சொல்ல இயலாமற் போகும். அத்தைக்கு விளிம்பு இருந்தது. முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. லூபஸ் என்றே வந்தது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, நோய் உள்ளுறுப்புகளைத் தொடவில்லை என்றும் அறிந்துகொண்டோம். தோலோடு நிற்கும் இந்நோய் சிறுபான்மையோர்க்கு உடல் முழுதும் பரவும் லூபஸாக மாறுவதுண்டு, அதனால்தான் அச்சோதனைகள்.

மற்ற வகைகளையும் சிறிது சொல்ல வேண்டும். லைக்கன் பிளானோபைலாரிஸ் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது. உச்சந்தலையில் எரிச்சலும் அரிப்பும் முன்னே வரும். முடியின் அடியில் வெண்செதில் வளையமிடும். சிலர்க்கு வாயின் உட்புறத்தில் வெண்கோடுகளோ நகத்தில் பிளவோ கூட இருக்கும். இதன் உடன்பிறப்பு ஒன்றை 1994-இல் ஆஸ்திரேலியா நாட்டு வைத்தியர் ஸ்டீவன் கொசார்டு முதன்முதலாக விவரித்தார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றியின் மேல்வரம்பு ஆண்டுக்காண்டு பின்வாங்கிப்போவது அதன் இயல்பு, புருவமும் மெலியும். பழைய வரம்பு இருந்த இடத்தில் ஒன்றிரண்டு முடிகள் மட்டும் தனித்து நிற்கும். வயதானால் நெற்றி ஏறத்தான் செய்யும் என்று விட்டுவிடுவது வழக்கம். புருவமும் சேர்ந்து போகிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும்.

சீழ்க் கொப்புளங்களோடு வருவது வேறொரு வகை. ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடிகள் கொத்தாகக் கிளம்பி, பொம்மையின் தலையில் நட்ட முடி போலத் தோன்றும். ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி இதில் பங்கு கொள்கிறது. ரிபாம்பிசின், கிளிண்டாமைசின் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துப் பத்து வாரம் கொடுப்பது பல ஆண்டுகளாக உள்ள முறை. ரிபாம்பிசின் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் முதல்தரமான மருந்து. ஆதலால் காசநோய் இல்லை என்று தெளிந்த பிறகே, வைத்தியரின் மேற்பார்வையில் அதனை உட்கொள்ள வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாக இறங்கும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு வரும் ஒன்றைத் தனியே சொல்லாமல் விடுவது பிழை. தலையில் படர்தாமரை முற்றிச் சேறு போல் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வடியும். கழுத்தில் நெறி கட்டும். கட்டி என்று எண்ணி அதனைக் கீறிவிடுவதுண்டு. அது கூடாது. அது காளான் வகையால் வருவது. இரண்டொரு முடியைப் பிடுங்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே தடவும் களிம்பு மயிர்க்காலுக்குள் புகாது. கிரிசியோபுல்வின் அல்லது டெர்பினபின் என்னும் மருந்தைப் பல வாரம் வாய்வழியே கொடுக்க வேண்டும். உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும். தாமதித்தால் தழும்பு விழும். சீப்பைத் தனியே வைக்க வேண்டியது இந்நோய்க்குத்தான். வேடிக்கை என்னவெனில், நம் வீடுகளில் இதற்கு வைப்பதில்லை.

நாமே வரவழைத்துக்கொள்ளும் தழும்பும் உண்டு. சிறு வயது முதல் இழுத்து இறுகப் பின்னிய சடையால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலியும். தொடக்கத்தில் சடையைத் தளர்த்தினாலே சரியாகும். பல்லாண்டு தொடர்ந்தால் ஆகாது. புழுவெட்டு என்று நினைத்துச் சேராங்கொட்டை முதலிய காரமானவற்றைத் தேய்த்துத் தோல் வெந்து போவதும் உண்டு. போலிப் புழுவெட்டை அவ்வாறு உண்டாக்கிக்கொண்டவர்க்கு எந்த வைத்தியம் சொல்வது?

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக ஏற்றுக்கொள்ள வேண்டும். போன முடியைக் கொண்டுவருவது இதன் நோக்கமன்று. இருக்கும் முடியைக் காப்பதே நோக்கம். லூபஸ் நோயில் தழும்பு சற்றுத் தாமதமாகவே விழுவதால், தொடக்கத்திலேயே மருந்திட்டால் ஓரளவு முடி திரும்புவதும் உண்டு. அத்தைக்கு நான் இழக்கச் செய்த பதினொரு மாதங்கள் அந்தத் தொடக்கத்தில்தான் இருந்தன.

முதற்படி, வீரியமுள்ள ஸ்டிராய்டுத் தைலமோ களிம்போ தடவுவது. குளோபிடசால் என்பது வழக்கமாகக் கொடுக்கப்படுவது. இதனைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் பூசும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது, தோல் மெலிந்துபோகும். எரியும் விளிம்பில் டிரையாம்சினலோன் என்னும் மருந்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுண்ணிய ஊசியால் ஏற்றுவதும் உண்டு. வலிக்கும். அத்தை முதல் ஊசியில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி எனக்கு நெடுநேரம் வலித்தது.

வாய்வழி மருந்துகளில் லூபஸுக்கு முதன்மையானது ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாவுக்காகப் பிறந்த மருந்து இது. முதலமடையின் தெற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால், வால்பாறையை அடுத்து, சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுப்பதற்காக அரசாங்கம் சின்கோனா மரங்களை வளர்த்த இடம் அது. பின்னர்த் தேயிலை வந்துவிட்டது. கொயினாவின் இடத்தில் வேதியியலார் செயற்கையாகச் செய்த மருந்துகளுள் ஒன்றாகிய மெபாக்கிரின் லூபஸைத் தணிப்பதை 1951-இல் பேஜ் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதினார். 1955-இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2020-இல் கொரோனாவுக்கு இது கைகண்ட மருந்தென்று புரளி பரவிப் பலரும் வாங்கிக் குவித்தபோது, உண்மையாகத் தேவைப்பட்ட லூபஸ் நோயாளிகள் உலகின் பல இடங்களில் மாத்திரை கிடைக்காமல் திண்டாடினர். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்பது பின்னர்ச் சோதனைகளில் தெரிந்தது.

இம்மருந்து மெதுவாக வேலை செய்யும். பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பத்து நாளில் முடி வரவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. இதனால் வரக்கூடிய தீமை கண்ணின் விழித்திரைக்கு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுத்தால் ஆபத்து மிகக் குறைவு என்பது கண் வைத்தியர்களின் கணக்கு. 48 கிலோ எடையுள்ளவர்க்கு 240 மில்லிகிராம் வரம்பு. மாத்திரை 200 மில்லிகிராம் என்பதால் ஒன்று போதும். தொடங்கிய முதல் ஆண்டிலேயே கண்ணைச் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு இன்னும் முன்னதாகவே.

இது போதாதவர்க்கு மெதோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்றவை உண்டு. லைக்கன் நோய்க்கு டாக்சிசைக்ளினும் கொடுப்பார்கள். மெதோட்ரெக்சேட்டைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. தவறாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. சீட்டில் இருப்பது ஆங்கிலம். படித்துச் சொல்பவன் என்னைப் போன்றவன். எந்தக் கிழமை என்பதை வைத்தியரையே கேட்டு, அதனைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது.

பிறர் முடியை நடுவதுபோல் தம் பின்தலை முடியையே எடுத்து நட்டுக்கொள்ளலாமே என்று பலர் கேட்கின்றனர். விளம்பரங்கள் எங்கும் நிறைந்திருக்கும் காலம் இது. நோய் எரிந்துகொண்டிருக்கையில் நட்டால் நட்ட முடியையும் அது விழுங்கிவிடும். மருந்தின்றியே குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தாலன்றி நல்ல வைத்தியர் அதற்கு இசைவதில்லை. இசைந்தாலும் நோய் மீண்டும் கிளம்பாது என்று உறுதி கூறுவதில்லை. நடவு என்று தொடங்கும் முன், உதிர்வு எவ்வகையினது என்று சோதித்தார்களா என்பதைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

நோய் அடங்கியதா பரவுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் மதிப்பிட முடியாது. வைத்தியர் மூக்கு நுனியிலிருந்தும் காதிலிருந்தும் வழுக்கையின் விளிம்பு வரை அளவெடுத்துக் குறித்துக்கொண்டார்; ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் மாதந்தோறும் படம் எடுத்து வைக்கும்படி பேத்தியிடம் சொன்னார். நெடுநாளைய லூபஸ் தழும்பில் அரிதாகப் புற்று தோன்றுவதுண்டு என்பதால், ஆறாத புண் ஏதேனும் வந்தால் உடனே வரவேண்டும் என்றும் எச்சரித்தார். வீட்டில் பீடி பிடிப்பவர் உண்டா என்று விசாரித்தார். புகை பிடிப்பவர்க்கு இந்நோய் கடுமையாக இருக்கும், மருந்தும் சரிவரப் பிடிக்காது என்றார்.

வெயிலை என்ன செய்வது என்பதே எங்களுக்குப் பெரும் கேள்வியாக இருந்தது. தோப்புக்குப் போகாதே என்று சொல்வது எளிது; மாங்காய்ப் பருவத்துக் கூலியை நம்பி ஆண்டை ஓட்டும் வீட்டில் அது நடவாது. பத்து மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் பறிப்பு வேலை, நடுப்பகலில் கொட்டகைக்குள் தரம் பிரிப்பு என்று மேஸ்திரியிடம் பேசி ஏற்பாடு செய்துகொண்டார். தலையில் நெருக்கமாக நெய்த துணி, அதன்மேல் அகன்ற பனையோலைத் தொப்பி. முகத்துக்கும் காதுக்கும் வெயில்காப்புக் களிம்பு. காதை மறவாமல் பூச வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் வைத்தியரிடம் படித்துக் காட்டிய பிறகே கொடுத்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. விளிம்பின் எரிச்சல் நின்றுவிட்டது, அளவு கூடவில்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி வந்திருக்கிறது. நடுவில் உள்ளங்கை போன்ற இடம் அப்படியே இருக்கிறது. அது அப்படியே இருக்கும். சென்ற முறை போனபோது அத்தை திண்ணையில் அமர்ந்து பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சடையைத் தளர்வாகவே பின்னினார். சீப்பு இப்போது ஒன்றுதான்.